நீரும் அதிகாரமும்: ஒரு கோட்பாட்டின் சாட்சியங்கள்

பெரிய கோட்பாடுகளின் மீது நமக்கு ஒரு மயக்கம் உண்டு. நிலப்பிரபுத்துவம், ஆசிய உற்பத்தி முறை, வைதிகப் பண்பாடு என்று ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் ஆயிரம் வருஷ இலக்கியத்தை ஒரே மூச்சில் விளக்கிவிட முடிகிறது. இதற்கு எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் கோட்பாடே வேண்டாம், படைப்பை மட்டும் பார் என்கிறார்கள். இரண்டு தரப்பும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு கோட்பாடு உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் அரசியலுக்கு அது ஒத்துப்போகிறது என்பது விடையல்ல. அதற்குச் சாதகமாகப் பத்து உதாரணங்கள் கிடைக்கின்றன என்பதும் விடையல்ல. உதாரணங்கள் எந்தக் கோட்பாட்டுக்கும் கிடைக்கும்.

இந்தக் கேள்வியை அந்தரத்தில் வைத்து விவாதிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரே ஒரு கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, எந்தச் சாட்சியத்தின் முன் அது நின்றது, எதன் முன் விழுந்தது என்று பார்க்கலாம். நீரையும் அதிகாரத்தையும் பற்றிய கார்ல் விட்ஃபோகலின் கோட்பாடு இதற்குப் பொருத்தமானது. ஏரிகளை நம்பி வாழ்ந்தவர்களின் வாரிசுகளான நமக்கு அது வேற்றூர்க் கதையும் அல்ல.

1

விட்ஃபோகல் 1896இல் ஜெர்மனியில் பிறந்தவர். கம்யூனிஸ்ட். ஃபிராங்க்ஃபர்ட் சமூக ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்திருந்தவர். 1933இல் நாஜிகள் அவரை வதைமுகாமில் அடைத்தார்கள். வெளியே வந்த பின் மறுவருஷம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1939இல் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு அவருடைய பழைய நம்பிக்கை முற்றாக முறிந்தது. 1957இல் 'கீழ்த்திசைக் கொடுங்கோன்மை' என்ற பெரிய புத்தகத்தை வெளியிட்டார்.

அதன் சாரம் எளிமையானது. மழை பெய்து பயிர் விளையும் நாட்டில் விவசாயிக்கு அரசாங்கம் தேவையில்லை. மழை போதாத, ஆனால் பெரிய ஆறு ஓடுகிற நாட்டில், ஆற்றை மடக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும். ஆட்களைத் திரட்டவும் மேய்க்கவும் மேலதிகாரிகள் வேண்டும். கணக்கு, நாள்காட்டி, அளவை எல்லாம் அந்த அதிகாரிகள் கைக்குப் போகின்றன. கால்வாய்க்காகத் திரட்டிய ஆட்களை வைத்தே ராஜா கோட்டையும் கல்லறையும் கட்டிக்கொள்கிறார். அவரை எதிர்த்து நிற்கச் சுதந்திரமான நகரமோ பிரபு வர்க்கமோ மத ஸ்தாபனமோ வளர்வதில்லை. எகிப்து, மெஸபொடோமியா, சீனா, இந்தியா, பெரு எல்லாவற்றுக்கும் கதை ஒன்றுதான்: நீரிலிருந்து முழு அதிகாரம்.

இதற்கு மூலம் மார்க்ஸிடம் உண்டு. 1853இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தியாவைப் பற்றி எழுதியபோது, கீழ்த்திசை அரசுகளின் பொதுப்பணிக் கடமை நீர்ப்பாசனத்திலிருந்து வந்தது என்று அவர் வாதித்தார். ஆசிய உற்பத்தி முறை என்ற கருத்தை 1931 லெனின்கிராட் விவாதத்துக்குப் பிறகு சோவியத் அறிஞர்கள் ஒதுக்கிவைத்தார்கள். ஸ்டாலின் ஆட்சி தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க விரும்பவில்லை, அதனால்தான் அந்தக் கருத்து மறைக்கப்பட்டது என்றார் விட்ஃபோகல். தனிப்பட்ட காயத்திலிருந்து பிறந்த கோட்பாடு இது. அதனாலேயே பொய் ஆகிவிடாது.

இன்னொரு விவரத்தையும் சொல்லியாக வேண்டும். 1951இல் அமெரிக்க செனட் உட்குழு ஒன்றின் முன் விட்ஃபோகல் சாட்சி சொன்னார். கம்யூனிஸ்டுகள் என்று அவர் பெயர் சொன்னவர்களில் பண்டைய உலகின் வரலாற்றாசிரியர் ஃபின்லியும் ஒருவர். மறுவருஷம் ஃபின்லி வேலையை இழந்தார். பின் இங்கிலாந்து சென்று அங்கேயே தங்கிவிட்டார். மனிதர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னவரின் கோட்பாட்டுக்கு என்ன சாட்சி இருந்தது என்று கேட்பது நியாயம்தான்.

2

வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நாள் முடிவில் பாலன்ஸ் டாலியாவதால் கணக்கு சரி என்று ஆகாது. ஒருவர் கணக்கில் வரவு வைக்க வேண்டிய ஐநூறு ரூபாயை இன்னொருவர் கணக்கில் வைத்துவிட்டாலும் மொத்தம் டாலியாகும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதில் மாற்றமில்லை. தப்பைக் கண்டுபிடிக்க மொத்தத்தைப் பார்த்துப் பயனில்லை. வவுச்சர் வவுச்சராகப் போக வேண்டும். யார் எழுதினார், எப்போது எழுதினார், எதிலிருந்து எதற்குப் போனது என்று பார்க்க வேண்டும்.

விட்ஃபோகல் செய்தது பாலன்ஸ் பார்க்கும் வேலை. ஒரு பக்கத்தில் பெரிய பாசனம் உள்ள நாடுகள். இன்னொரு பக்கத்தில் சர்வ வல்லமை கொண்ட அரசர்கள். இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடங்களில் அவர் பட்டியலையே விரித்துக்கொள்கிறார். மையம், விளிம்பு, வெளிவிளிம்பு என்று பிரிவுகள் செய்கிறார். கால்வாய்ப் பாசனமே இல்லாத ரஷ்யாவும் உள்ளே வந்துவிடுகிறது. சீனாவில் கற்றுக்கொண்ட ஆட்சிமுறையை மங்கோலியர்கள் அங்கே கொண்டுபோய்விட்டார்களாம். எதிர்ச்சாட்சியம் எல்லாம் உட்பிரிவாகிவிடுகிற கோட்பாட்டை யாராலும் மறுக்க முடியாது. அதன் பலவீனம் அதுதான்.

வவுச்சர் பார்ப்பது எப்படி? அரசியல் ஆய்வாளர் ஸ்டீஃபன் வான் எவேரா 1997இல் எழுதிய கையேட்டில் இதற்குச் சில பெயர்கள் வைத்தார். ஒன்று வளையச் சோதனை. கொலை நடந்த அன்று குற்றம் சாட்டப்பட்டவர் ஊரில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கு அன்றோடு முடிந்தது. ஆனால் ஊரில் இருந்தார் என்பதாலேயே அவர் கொலையாளி ஆகிவிட மாட்டார். இன்னொன்று புகையும் துப்பாக்கி. அது கையில் இருந்தால் பெரும்பாலும் அவர்தான். இல்லை என்பதால் அவர் நிரபராதி ஆகிவிட மாட்டார். கோட்பாடு உண்மையானால் எந்தத் தடயம் இருந்தே தீர வேண்டும், எந்தத் தடயம் வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரே ஒரு ஊருக்குப் போனாலும் போதும். நூறு நாடுகளின் பட்டியலைவிட அந்த ஓர் ஊர் அதிகம் பேசும்.

3

மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954இல் அப்படி ஓர் ஊரில் தங்கினார். அனுராதபுரத்துக்கு வடக்கே புல் எலிய என்ற சிங்களக் கிராமம். ஒரு குளம், அதன் கீழே வயல். 1959இல் அவர் எழுதிய கட்டுரை விட்ஃபோகலை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. கிராமத்தைப் பற்றிய புத்தகம் 1961இல் வந்தது.

பண்டைய ராஜரட்டை விட்ஃபோகலுக்குச் செய்துவைத்தது போன்ற பிரதேசம். வறண்ட பூமி, பிரம்மாண்டமான குளங்கள், மைல் கணக்கில் கால்வாய்கள், பெரிய ராஜாக்கள். கோட்பாட்டின்படி இங்கே இரண்டு வளையங்களைத் தாண்டியாக வேண்டும். பெரிய நீர்வேலைகள் ஒரு திட்டத்தின் கீழ், ஒரு மையத்தின் கட்டளையில் எழுந்திருக்க வேண்டும். மையம் விழுந்தபோது கிராமங்களும் விழுந்திருக்க வேண்டும்.

முதல் வளையம். அனுராதபுரத்தின் திஸ்ஸவாவி கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு நீர் கொண்டுவரும் நீண்ட கால்வாயின் தலைப்பில் இருக்கும் காலவாவி, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியது. இடையில் ஏழெட்டு நூற்றாண்டுகள். அதற்குப் பிறகும் திருத்தினார்கள், உயர்த்தினார்கள். இன்று வரைபடத்தில் பார்க்கும்போது ஒரே மூளையில் உதித்த திட்டமாகத் தெரிவது, உண்மையில் பாட்டன் வெட்டியதோடு பேரன் சேர்த்ததுதான். பெரிய கரையைப் பார்த்துப் பெரிய பட்டாளத்தை ஊகிக்கிறோம். காலம் என்ற கூலியாளை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது வளையம். 13ஆம் நூற்றாண்டில் ராஜரட்டையின் ஆட்சி சிதைந்தது. பெரிய குளங்கள் உடைந்தன. ஜனங்களில் பெரும்பகுதி தென்மேற்கே நகர்ந்தது. இந்த மட்டுக்கும் விட்ஃபோகல் சொன்னது சரி. ஆனால் சிறு குளக் கிராமங்கள் ராஜா இல்லாமலே நீடித்தன என்கிறார் லீச். பெரிய வேலைகள் தலைநகருக்கும் அரண்மனைக்கும் விகாரைகளுக்கும் நீர் கொடுத்தன. கிராமத்துக்கு அதன் குளம் போதும். புல் எலியவில் ஒவ்வொரு பங்காளிக்கும் வயலின் ஒவ்வொரு பகுதியிலும் துண்டு உண்டு. நல்ல நிலமும் மோசமான நிலமும் எல்லோருக்கும் கலந்து வரும். குளத்தில் தண்ணீர் குறைந்தால் கரையை ஒட்டிய பகுதியில் மட்டும் பயிர் வைத்து, அதிலேயே எல்லோரும் விகிதப்படி பங்கு எடுத்துக்கொள்வார்கள். சிங்களத்தில் இதற்கு பெத்ம என்று பெயர். இதற்கு மந்திரி வேண்டியதில்லை.

லீச்சின் சாட்சியத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 1954இல் பார்த்த ஊரை வைத்து 1250ஐப் பற்றி எப்படிப் பேசுவது? நடுவே எழுநூறு வருஷம். அதை ஓரளவுக்கு நிரப்பும் தனிச்சாட்சி ஒருவர் உண்டு. கண்டி ராஜ்யத்தில் 19 வருஷம் பிடிபட்டுக் கிடந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ், 1679இல் தப்பி ஓடும்போது அனுராதபுரச் சமவெளியைக் கடந்தார். சுற்றிலும் காடு, காட்டோரம் சிற்றூர்கள். அவற்றில் இருந்தவர்கள் கண்டி அரசனின் குடிகளான தமிழர்கள் என்று எழுதியிருக்கிறார். பாழடைந்த தலைநகரைச் சுற்றி மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது அவர் கண்ணால் கண்டது. அவர்கள் சிங்களக் குளக் கிராமத்தின் நேர் வாரிசுகள் அல்ல என்பதும் அதே சாட்சியத்தில் இருக்கிறது. சாட்சி நமக்கு வேண்டிய மட்டும் பேசுவதில்லை.

லீச்சை மறுத்தவர் இலங்கை வரலாற்றாசிரியர் குணவர்தன. 1971இல் அவர் எழுதிய கட்டுரை கல்வெட்டுகளிலிருந்து தொடங்குகிறது. மிகப் பழைய பிராமிக் கல்வெட்டுகளிலேயே 'வாபிஹமிக', அதாவது குளத்துக்கு உடையவர், என்ற பட்டம் வருகிறது. குளம் ராஜாவுடையதும் அல்ல, ஊருடையதும் அல்ல. ஒரு தனி ஆளுடையது. பிற்காலத்தில் விகாரைகளும் உள்ளூர்ப் பெருந்தனக்காரர்களும் குளம் வைத்திருந்தார்கள், நீரிலிருந்து வருமானம் பெற்றார்கள். 9, 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டுகளில், விகாரைக் கிராமங்களுக்குள் அரசாங்க அதிகாரிகள் நுழையக் கூடாது என்று ராஜாவின் பெயராலேயே தடை எழுதியிருக்கிறது. புகையும் துப்பாக்கி என்றால் இதுதான். எதிர்க்க ஆளில்லாத ராஜா தன் அதிகாரிகளுக்கே கல்லில் தடை போடமாட்டார். முழு அதிகாரம் என்ற வாதம் இங்கே விழுகிறது. தன்னிறைவுக் கிராமம் என்ற வாதமும் கூடவே விழுகிறது. இரண்டுக்கும் நடுவே நீரை வைத்துப் பிழைத்த ஒரு வர்க்கம் இருந்திருக்கிறது.

4

வேறு இடங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். காரணம் காரியத்துக்கு முந்தியிருக்க வேண்டும் என்பது எளிய வளையம். ராபர்ட் ஆடம்ஸ் ஈராக்கில் சர்வே செய்தார். தரையில் சிதறிய பானை ஓடுகளின் காலத்தை வைத்து, எந்த நூற்றாண்டில் எந்த ஊர், எந்த வாய்க்கால் இருந்தது என்று குறித்தார். 1965இலும் 1981இலும் வெளிவந்த அவர் புத்தகங்களின்படி, முதல் நகரங்களும் அரசுகளும் எழுந்தபோது பாசனம் சிறிய அளவில், ஆற்றின் இயற்கையான கிளைகளை ஒட்டியே இருந்தது. ராட்சதக் கால்வாய்கள் பிற்பாடு, பலமான அரசுகள் வந்த பிறகு வெட்டப்பட்டவை. மகன் பிறந்த பிறகு தகப்பன் பிறந்த கதை இது.

பாலித் தீவு இன்னும் நுட்பமானது. அங்கே மலைச்சரிவு வயல்களின் நீரை சுபக் என்ற விவசாயிகள் சங்கங்கள் நிர்வகிக்கின்றன. ராஜாக்கள் சடங்கு நாடகம் நடத்தினார்களே தவிர நீரை ஆளவில்லை என்று கிளிஃபர்ட் கீயர்ட்ஸ் 1980இல் எழுதினார். ஆனால் அப்போதும் ஒரு கேள்வி நிற்கிறது. மேட்டில் இருப்பவன் பள்ளத்தில் இருப்பவனுக்கு ஏன் தண்ணீர் விடுகிறான்? மேலே ஒரு கை இல்லாமல் இது எப்படி நடக்கும்? விட்ஃபோகலின் உண்மையான பலம் இந்தக் கேள்விதான். கிராமத்தைப் புகழ்பவர்கள் இதற்கு ஒற்றுமை, பண்பாடு என்று பதில் சொல்வார்கள். அது பதில் அல்ல.

பதிலைக் காட்டியது ஒரு விபத்து. 1970களில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. நீர்க்கோயில்களின் நாள்காட்டியை விட்டுவிட்டு, முடிந்தபோதெல்லாம் நடவு செய்யச் சொன்னார்கள் அதிகாரிகள். சில பருவங்களுக்குள் புகையானும் நோயும் வயல்களைத் தின்றன. ஸ்டீஃபன் லான்ஸிங் இதைத் தொடர்ந்து போனார். கோயில் நாள்காட்டி ஒரு சரிவு முழுவதையும் ஒரே சமயத்தில் தரிசாகப் போட வைத்தது. எங்கும் பயிர் இல்லாதபோது பூச்சி சாகும். பள்ளத்துக்காரன் வேறு சமயத்தில் நட்டால் அவன் வயல் பூச்சி மேட்டுக்கு வரும். ஆக, மேட்டுக்காரன் கையில் தண்ணீர். பள்ளத்துக்காரன் கையில் பூச்சி. ஒருவனை ஒருவன் பயமுறுத்த முடிவதால் இருவரும் ஒத்துப்போகிறார்கள். லான்ஸிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் க்ரெமரும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது, கோயில்கள் ஒருங்கிணைத்த அளவில்தான் விளைச்சல் நன்றாக வந்தது. 1991இல் வந்த லான்ஸிங்கின் புத்தகம் இதைச் சொல்கிறது. அதிகாரி இல்லாமல் ஒழுங்கு சாத்தியம் என்று காட்டியது ஒற்றுமை உணர்ச்சி அல்ல, புகையான்.

5

இனி நம் வீடு. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் என்பது வழக்கமான கணக்கு. விட்ஃபோகலை மறுக்க நம்மவர்கள் உடனே உத்திரமேரூருக்கு ஓடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் வருஷக் கல்வெட்டுகள். குடவோலை, ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். கிராமக் குடியரசு என்ற எதிர்க்கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதையும் வவுச்சராகப் படிக்க வேண்டும். அதே கல்வெட்டில், சபை கூடியபோது ராஜாவின் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருந்ததும் பதிவாகியிருக்கிறது. வாரியத்தில் வரக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். மண் சுமந்தவர்களுக்கு ஓலையில் இடமில்லை. ராஜாவே எல்லாம் என்பதும் பொய், ஊரே எல்லாம் என்பதும் பொய் என்று கல்வெட்டே சொல்கிறது. நாம்தான் பாதியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறோம்.

குடிமராமத்தும் இப்படித்தான். ஊர் தானாகக் கூடி ஏரியைப் பராமரித்த புராதன வழக்கம் என்று அதைச் சொல்கிறோம். தானாக நடந்த காரியத்துக்குக் கட்டாயச் சட்டம் எதற்கு? 1858இல் சென்னை மாகாணத்தில் பிரிட்டிஷ் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. இலங்கையில் ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832இல் ஒழித்தவர்கள், 1856இல் கிராமப் பாசன வழக்கங்களுக்கு உயிர் கொடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். டேவிட் மாஸ் ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி ஏரிகளைப் பற்றி 2003இல் வெளியிட்ட புத்தகத்தில் சொல்வது கசப்பானது. அங்கே ஏரி வெட்டுவதும் காப்பதும் பாளையக்காரர், தலைவர்களின் அரசியலோடும் கௌரவத்தோடும் பிணைந்திருந்தது. புராதனக் கூட்டு உழைப்பு என்ற சித்திரத்தில் பெரும்பகுதி, செலவைக் குடிகள் தலையில் கட்ட விரும்பிய காலனி நிர்வாகம் வரைந்தது. வயலுக்கு வயல் தண்ணீர் திருப்பிவிட்ட நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். ஊரின் ஒற்றுமை அவர்களுடைய ராத்திரிகளின் மேல் நின்றது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் ஆரம்பித்தது. காலனி அதிகாரி எழுதிய ஒரு சொல் நம் பெருமையாகத் திரும்பி வந்துவிட்டது.

இதனால் கோட்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. விட்ஃபோகல் அவ்வளவு பெரிதாகத் தவறியிராவிட்டால் லீச் அந்தக் கிராமத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார், குணவர்தன அந்தக் கல்வெட்டுகளை அந்த வரிசையில் வைத்திருக்க மாட்டார். தன் தோல்விக்கான தடயங்களை முன்கூட்டியே அறிவிக்கிற கோட்பாடு தோற்றாலும் உபயோகமானது. அறிவிக்காதது ஜெயித்தாலும் வெறும் நம்பிக்கை.

நம் விமர்சனத்துக்கு வருவோம். பக்தி இலக்கியம் நிலவுடைமைச் சமூகத்தின் சித்தாந்தம் என்கிறோம். கடவுள் ராஜா, பக்தன் அடிமை, உவமைகள் ஒத்துப்போகின்றன, பாலன்ஸ் டாலியாகிறது. ஆனால் அந்தச் சித்தாந்தம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? நிலம் கைமாறிய வருஷங்களும் பாட்டு வந்த வருஷங்களும் எந்த வரிசையில் இருக்கின்றன? கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தவர் எந்தப் பாட்டைப் பாட ஏற்பாடு செய்தார், எதை விட்டார்? எந்தப் பாட்டு கிடைத்தால் நாம் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வோம்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுதிய கட்டுரைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றில் என்னுடையவையும் சில உண்டு.